மூழ்கிய செலவும் மூழ்காத அண்ணனும்

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பது நம்மூர் எச்சரிக்கை. அமெரிக்காவின் வடக்கு புளோரிடாவில், ஊற்றுகளில் ஸ்கூபா டைவ் அடிக்கிறவர்களுக்கு இது போதாது. ஆழம் எவ்வளவு என்பதற்கு அவர்களிடம் மேப்பே இருக்கிறது. தெரிய வேண்டியது வேறு. இன்றைக்குத் தண்ணீருக்குள் எத்தனை அடி தூரம் கண் தெரியும்?

என் பெரியப்பா பையன் அங்கே ஜாக்ஸன்வில்லில் கம்ப்யூட்டர் தட்டுகிறார். சனிக்கிழமை ஆனால் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஊற்றுக்கண் வழியாகக் குகைக்குள் போய்விடுவார். முறையாகப் பயிற்சி எடுத்தவர். எனக்கோ ஷவரில் நின்றாலே மூச்சு முட்டும். இருந்தாலும், பத்து நாள் அவர் வீட்டில் தங்கப் போனபோது, சாப்பாட்டுக் கூடைக்குக் காவலாக நானும் ஆற்றங்கரை வரை போனேன்.

சுண்ணாம்புப் பாறைக்குள் வடிகட்டி வருகிற தண்ணீர் அது. வருஷம் முழுக்க சுமார் 22 டிகிரி செல்ஷியஸ். நல்ல நாளில் 100 அடி தள்ளி இருக்கிற ஆளைக்கூட அடையாளம் சொல்லலாம். ஆனால் பக்கத்திலேயே ஓடுகிற சான்டா ஃபே, ஸுவானி ஆறுகளின் நிறமோ முதல் டிகாஷன்! சதுப்புக் காட்டு இலைதழை ஊறி இறங்கிய சாயம். மழை பெய்து ஆறு ஏறினால், அந்த அழுத்தத்தில் சில ஊற்றுகள் ரிவர்ஸ் கியர் போட்டுவிடும். ஆற்றுத் தண்ணீர் உள்ளே பாயும். நேற்று கண்ணாடி, இன்று காபி!

அதனால் அண்ணன் மூன்று தடவை பார்ப்பார். முதல் நாள் ராத்திரி ஆற்றின் நீர்மட்டம்... அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை இன்டர்நெட்டில் போடுகிறது. காலையில், ஊற்றுப் பக்கம் இருக்கிற டைவிங் கடைக்கு ஒரு போன். கடைசியாக, கரையில் நின்று சொந்தக் கண்.

அன்றைக்கு மட்டம் கொஞ்சம் ஏறியிருந்தது. கடைக்காரர், "சுமாரா இருக்கு, வந்து பாருங்க" என்றாராம். ஒன்றரை மணி நேரம் கார். போனதும் அண்ணன் ஒரு வெள்ளைத் தட்டை, முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டி இறக்கினார். 1865-ல் ஏஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடல் தெளிவைச் சோதித்த அதே டெக்னிக். தட்டு எட்டடியில் காணாமல் போனது.

"கிளம்பலாம்" என்றார்.

கூட வந்த ஆபீஸ் நண்பருக்குப் பொறுக்கவில்லை. "என்னங்க இது! சிலிண்டர் வாடகை குடுத்தாச்சு, பெட்ரோல் போட்டாச்சு, பெண்டாட்டிகிட்ட பர்மிஷன் வாங்கியாச்சு. சும்மா குகை வாசல் வரைக்கும் போய்ட்டு வந்துடலாமே?"

"உள்ள போனப்புறம் வாசல் எதுன்னு எப்படித் தெரியும்?"

விஷயமே அதுதான். குகைக்குள் கண் தெரியாவிட்டால் நேரே மேலே வந்துவிட முடியாது. தலைக்கு மேல் பாறை. சிலிண்டர் காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு ரிசர்வ் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள் (பல கம்பெனி அக்கவுன்ட்ஸைவிட ஒழுங்கு!). வழி தேடித் தடவுகிற ஒவ்வொரு நிமிஷமும் அந்த ரிசர்வில்தான் கை வைக்கும். பல குகை வாசல்களில் அரிவாளோடு எமன் மாதிரி ஓர் உருவம் வரைந்து போர்டே வைத்திருக்கிறார்கள். உள்ளே போய்த் திரும்பாதவர்களில் டைவிங் வாத்தியார்களும் உண்டு.

பி.காம்.மில் 'ஸங்க் காஸ்ட்' என்று நடத்துவார்கள். மூழ்கிப்போன செலவு. இனி திரும்பாத பணம். அடுத்த முடிவு எடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிட்டு, டிக்கெட் காசுக்காக அறுவைப் படத்தைக் கடைசி ஸீன் வரை பார்க்கிற ஆட்கள் நாம்! 'இவ்வளவு போட்டாச்சே' என்று விழுகிற ஷேரையே மேலும் வாங்குவோம். அண்ணன் காமர்ஸ் பக்கமே போகாதவர். ஆனால், மூழ்கின செலவோடு ஆளும் சேர்ந்து மூழ்கக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நண்பர் வீடு வரை முறைத்துக்கொண்டே வந்தார். முறைக்கட்டுமே, ஸார்... முறைக்கிறதுக்கு ஆள் இருக்காரே!