முதல் பத்து செக்கன்

முதலாம் வருசம் முடியும்போது ஒரு பழைய லப்டொப் வாங்கினேன். கடைக்கார அண்ணா விண்டோஸ் 10 போட்டுத் தந்துவிட்டு, "தங்கச்சி, அப்டேட் எல்லாத்தையும் நிப்பாட்டி விட்டிருக்கன். போட்டா ஒரிஜினல் இல்ல எண்டு காட்டும், டேட்டாவும் முடிஞ்சிரும்" எண்டார். எனக்கு அது பெரிய உதவியாகத்தான் பட்டது. மாசக் கடைசியில் ரீலோட் போடக் காசில்லாமல் நிற்கிற ஆளுக்கு, கேட்காமலே டேட்டா குடிக்கிற மெஷின் எதுக்கு?

போன வருசம் ஆய்வுக்காகப் படுவான்கரையில் ஊர் ஊராகத் திரிந்து பாட்டுகள் பதிந்தேன். தாலாட்டு, ஒப்பாரி, வயல் பாட்டு என்று மொத்தம் 11 பதிவு. போன் நிறைந்தால் லப்டொப்புக்கு மாற்றிவிட்டுப் போனில் அழித்துவிடுவேன். இன்னொரு பிரதி எடுக்க வேண்டும் என்று நினைத்ததுண்டு, எடுக்கவில்லை. அதில் 3 பதிவு ஒரே பெத்தாவுடையது. போனை முன்னால் வைத்ததும் வெற்றிலையைத் துப்பிப்போட்டு, "இதையெல்லாம் ஆர் மனே கேக்கப் போறாங்க?" எண்டு கேட்டா.

ஆய்வை ஒப்படைக்க ஒரு கிழமை இருக்கும்போது பிடிஎப் திருத்த ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. காசு கேட்டது. கிராக் தேடி இறக்கினேன். கூட வந்த குறிப்பில் முதல் வரியே அன்டிவைரஸை நிறுத்தச் சொன்னது. நிறுத்தினேன். கள்ளனுக்குக் கதவைத் திறந்து, நாயையும் நானே பிடித்துக் கட்டின கதை.

விடியப் பார்த்தால் எல்லா ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலு எழுத்து. எதுவும் திறக்கவில்லை. ஃபோல்டருக்குள் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: 980 டொலர் தந்தால் திறந்து தருவோம், 72 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்டால் 490. புடவைக் கடைத் தள்ளுபடி மாதிரி. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

கணினி படிக்கிற நண்பனிடம் கொண்டு ஓடினேன். "இது ஸ்டொப் எண்ட சாதி. கிராக்கோடதான் கூட வரும்" எண்டான். இணையம் ஓடும்போது பூட்டினால் ஆளுக்கொரு தனித் திறப்பாம், அது அவர்களிடம் மட்டும்தான் இருக்குமாம். அன்றைக்கென்று பார்த்து என்னிடம் நிறைய டேட்டா இருந்தது.

அந்த நாட்களில்தான் அப்டேட் என்றால் என்னவென்று வாசித்தேன். புது இமோஜி தருகிற விசயம் என்றுதான் அதுவரை நினைப்பு. ஓட்டையை அடைக்கிற வேலை அது. அடைப்பு வெளிவந்ததும் ஓட்டை எங்கே இருந்தது என்று கள்ளருக்கும் தெரிந்துவிடுகிறது. பிறகு ஆபத்து, அதைப் போடாமல் இருக்கிறவருக்குத்தான். மைக்ரோசொஃப்ட் 2017 மார்ச்சில் ஓர் ஓட்டையை அடைத்தது. மே 12 அன்று அதே ஓட்டைக்குள்ளால்தான் வான்னாகிரை புகுந்தது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே முடங்கின. இடையில் இரண்டு மாதம் இருந்திருக்கிறது. என் விசயத்தில் அப்டேட் மட்டும் காப்பாற்றியிருக்காது, அது வேற கதை. ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே 'பிறகு பாப்பம்'தான்.

விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றது. என் மெஷின் 11ஐத் தாங்காது. தம்பி லினக்ஸ் போட்டுத் தந்தான். பாமினியில் பழகின விரல் இன்னும் தடுமாறுது. அப்டேட்டுகளை இரவு டேட்டாவில், 12 மணிக்குப் பிறகு ஓடவிட்டுப் படுக்கிறேன்.

ஆய்வு வரைபு போனது போனதுதான், திரும்ப எழுதினேன். பதிவுகள் தப்பின. இந்த வைரஸ் அவசரத்தில் ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபியைத்தான் பூட்டுமாம். நான் எம்பி3 ஆகப் பதிந்திருந்தேன். நண்பன் பூட்டின துண்டை வெட்டி எறிந்தான், மிச்சம் பாடியது. ஒவ்வொன்றிலும் முதல் பத்து செக்கன் அளவுதான் இல்லை.

பெத்தா தை மாதம் மோசம் போயிட்டா. அவவின் மகளுக்கு 3 பாட்டையும் போனில் அனுப்பினேன். ஆர் கேக்கப் போறாங்க எண்டு அவ கேட்டது மட்டும் அதில் இல்லை.