கோபித்துக்கொண்டு மலையேறிய பெருமாள்

புருஷனுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார்? சாப்பிடாமல் ஆபீசுக்குக் கிளம்புவார். மிஞ்சிப் போனால் திண்ணையில் போய்ப் படுத்துக்கொள்வார். காரமடை ரங்கநாதரோ தாயாரோடு மனஸ்தாபம் என்று நீலகிரிக்கே ஏறிவிட்டாராம்! அரக்கோடு கிராமத்துக்கு அருகே பாறையில் இரண்டு பாதச் சுவடுகளைச் சாட்சியாகக் காட்டுகிறார்கள்.

அவர் தனிக்குடித்தனம் போன இடம்தான் கோத்தகிரிக்குக் கிழக்கே உள்ள ரங்கசாமி மலை. உயரம் 1,785 மீட்டர். தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். ஆனால் அங்கே காரிலேயே போய் இறங்கிவிடலாமே! இங்கே கால்தான் வாகனம். 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் கரிக்கையூரிலிருந்து இந்த முகட்டுக்குச் செல்லும் பாதையும் சேர்க்கப்பட்டது. வனத் துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் புறப்பட்டுவிடாதீர்கள்.

புரட்டாசியில் போவது விசேஷம். பெருமாளுக்கு உகந்த மாதம் என்பதோடு, ஐப்பசி மழைக்கு முந்திய இடைவெளியும் அதுதான். காடு பச்சைப் பசேலென்று இருக்கும். ஏற ஏற மரங்கள் குறைந்து, பாறை தலைகாட்டும். முகட்டுக்குப் பக்கத்தில், சுமார் 400 அடி உயரத்துக்கு ஒரு கல் தூண் தன்னந்தனியாக நிற்பதைப் பார்த்தால் மூச்சு வாங்குவதுகூட மறந்துபோகும். மலையேற முடியாத பாட்டிமார்கள் கோடநாடு காட்சி முனையிலிருந்தே அதைத் தரிசிக்கலாம்.

உச்சியில் கோபுரம் உண்டா என்கிறீர்களா? பிரான்சிஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1908-ல் எழுதிய நீலகிரி கெஜட்டில் இருப்பதைச் சொல்கிறேன். கரடுமுரடான இரண்டு கல் அடைப்புகள். ஒன்று ரங்கனுக்கு, மற்றொன்று தேவிக்கு. ஆமாம், அம்மாளும் வந்து சேர்ந்துவிட்டாள்! சமாதானம் எப்போது நடந்தது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. பரம்பரைப் பூசாரி ஓர் இருளர். சுனையில் குளித்து, "கோவிந்தா! கோவிந்தா!" என்று கூவிக்கொண்டு அவர் ஏறுவார். படகரும் குறும்பரும் கூடியிருப்பார்கள். இரவில் இரண்டு கற்குழிகளில் நெய் வார்த்து ஏற்றும் சுடர் பல மைல்களுக்குத் தெரியும். பாலில் பொங்கலும் உண்டு.

காரமடை வரை போகும் சிரமத்தையும் செலவையும் மிச்சம் பிடிக்கவே மலைவாசிகள் இக்கதையைக் கட்டியிருப்பார்கள் என்கிறார் துரை. எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த விழாவில் அவர்கள் வேண்டிக்கொண்டது மழையையும் ஆடுமாடுகளின் பெருக்கத்தையும். தென்மேற்குப் பருவ மழையைத் தொட்டபெட்டாத் தொடர் மறைத்துவிடுவதால், இந்தக் கீழ்ப்புறத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. அது பொய்த்தால் தினையும் சாமையும் ஏது? சிக்கனம் பார்த்தா ஒருவன் இவ்வளவு செங்குத்தாக ஏறுவான்?

புளியோதரை கட்டிக்கொண்டு போனால் இலையையும் காகிதத்தையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். வெயில் சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். யானையும் காட்டெருமையும் நடமாடும் வழி அது.