தலைத் தீபாவளியும் தட்டுக் கழுவலும்

மழை! பகலெல்லாம் மழை, இரவெல்லாம் மழை, விடியற்காலையில் பால் வாங்கப் போகும்போதும் மழை! திருமுல்லைவாயில் தெருவிலே முழங்கால் அளவு நீர். வீட்டுக்குள்ளே உலராத துணிகளின் நெடி. கொடியிலே தொங்கும் வேட்டியும் சேலையும் மூன்று நாளாக எங்களைப் பார்க்க, நாங்கள் அவற்றைப் பார்க்க, இப்படித்தான் சென்ற ஐப்பசி எங்கள் இல்லத்துக்குள் நுழைந்தது.

மேலை நாட்டவருக்கு இந்தப் பருவம் இலையுதிர் காலம். பழுத்த இலை, பொன்னிற வெயில், பெருமூச்சு! நமக்கோ இலை உதிர்வது மாசி, பங்குனியிலே. ஐப்பசியும் கார்த்திகையும் தமிழர் வகுத்த ஆறு பருவங்களில் கூதிர். ஓராண்டில் சென்னைக்குக் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேற்பட்டது, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவந்து கொட்டுவதுதான். ஆகவே எங்கள் கதையில் பொன்னிற இலை இல்லை. குடை உண்டு, சேறு உண்டு, தாமதமாக வரும் மின்சார ரயில் உண்டு.

இதை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதுகிறோம். மணமாகி எட்டுத் திங்கள் ஆகிறது. எங்களில் மனைவி, பட்டரவாக்கத்தில் இறங்கி, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் ஒரு பட்டறையிலே, கடைந்தெடுத்த உருளைகளை நுண்ணளவி கொண்டு அளந்து தரம் பார்ப்பவர். எங்களில் கணவன், ஆவடியில் இறங்கிப் பேருந்து பிடித்துப் பூவிருந்தவல்லி சென்று, ஒரு சரக்குக் கிடங்கிலே கணக்கு எழுதுபவன். நிலையம் ஒன்று, நடைமேடை வேறு. காலையில் இருவரும் எதிரெதிர்த் திசையில் பயணம். இரவில் ஒரே அடுக்களையில் சந்திப்பு.

எங்கள் திருமணம் சுயமரியாதைத் திருமணம். புரோகிதர் இல்லை, புகை இல்லை. நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினோம், ஒருவர் விரலில் ஒருவர் மோதிரம் அணிவித்தோம், உறுதிமொழி கூறினோம், முடிந்தது. இன்று எளிதாக முடிந்துவிட்டது! 1928-இல், அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்திலே இத்தகைய மணம் நடந்தபோது, சட்டம் அதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. 1953-இல் சென்னை உயர்நீதிமன்றமே, இது செல்லாது என்றது. ஊரறிய வாழ்ந்த பல்லாயிரவர், சட்டப்படி மணமாகாதவர் எனப்பட்டனர்! அறிஞர் அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967-இல் இயற்றப்பட்ட திருத்தம், இந்துத் திருமணச் சட்டத்திலே 7-ஏ என்றொரு பிரிவைச் சேர்த்து, இனி நடப்பவற்றோடு முன்பு நடந்தவற்றையும் செல்லுபடியாக்கிற்று. அவ்வளவு பேர் பட்ட அவமானத்தின் மேல் நின்றல்லவா நாங்கள் அரைமணி நேரத்தில் மணம் முடித்துக்கொண்டோம்!

அதனாலேயே ஒரு செருக்கும் எங்களுக்கு இருந்தது. நாம் திருந்தியவர்கள், நம் வீட்டிலே திருந்த வேண்டியது எதுவும் இல்லை என்ற செருக்கு. அதைத்தான் அந்த ஐப்பசி மழை கரைத்தது.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கையில், மாலையிலே, நனைந்த பையோடு வந்து நின்றார் மனைவியின் தந்தை. திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூரில், இரண்டு ஏக்கர் நிலத்திலே மணிலாவும் நெல்லும் பயிரிடுபவர். தலைத் தீபாவளிக்கு வரமாட்டோம், அந்தப் பண்டிகை எங்களுக்கு இல்லை என்று முன்பே சொல்லியிருந்தோம். நாங்கள் போகவில்லை, ஆகவே அவர் வந்துவிட்டார்! பையிலிருந்து வேட்டி வந்தது, பட்டுச் சேலை வந்தது, முறுக்கும் அதிரசமும் வந்தன. கடைசியிலே, பிளாஸ்டிக் தாளில் மூன்று சுற்றுச் சுற்றிய சிறு பெட்டி வந்தது. உள்ளே ஒரு சவரன் மோதிரம்.

“மாப்பிள்ளை, போட்டுக்கொள்ளுங்கள்.”

“வேண்டாம் மாமா. இது எங்கள் கொள்கைக்கு ஒவ்வாது.”

எடுத்த எடுப்பிலே சொல்லிவிட்டோம். மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைத்திருக்கும். அவரோ பெட்டியை மூடினார், மெல்ல மூடினார். “பசியில்லை” என்று சொல்லிப் படுத்துவிட்டார். ஆறு மணி நேரம் பேருந்திலும் ரயிலிலும் நனைந்து வந்த மனிதருக்குப் பசியில்லையாம்!

அன்றிரவு எங்களுக்குள் பேச்சு. கணவன் சொன்னான்: “நான் செய்தது சரிதானே?” மனைவி சொன்னார்: “சரிதான். மோதிரத்தை மறுப்பதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்காக இவ்வளவு பெருமை! காலை ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவது யார்? இரவு பத்து மணிக்குப் பாத்திரம் தேய்ப்பது யார்? மோதிரத்தை மறுத்த கைக்குத் தோசைக்கரண்டி கனக்கிறதா?”

“நான்தான் உதவி செய்கிறேனே!” என்றான் கணவன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எங்கள் இருவர் காதிலும் உறைத்தது. உதவி! அயலார் வேலைக்குத்தானே உதவி? இருவரும் உண்ணும் சோற்றை இருவரும் சமைத்தால் அதற்குப் பெயர் உதவியா?

வழக்காடுவதைவிடக் கணக்கிடுவது மேல் என்று, மறுநாளே தாள் எடுத்தோம். ஒருவர் நுண்ணளவி பிடிப்பவர், மற்றவர் கணக்கு எழுதுபவர். நிமிடம் எண்ணுவதா கடினம்? சமையல், துவைத்தல், பெருக்குதல், தண்ணீர் பிடித்தல் எல்லாம் சேர்த்து, மனைவிக்கு நாளொன்றுக்கு 230 நிமிடம், கணவனுக்கு 45. பட்டறையிலே எட்டு மணி நேரம் நின்று வந்தவருக்கு 230!

நாட்டுக் கணக்கோடு ஒப்பிட்டோம். இந்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பிலே, ஊதியமில்லா வீட்டு வேலை செய்வோரில் பெண் நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண் செலவிட்டது 97. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு, அதுதான் பெண்ணுக்குக் கிடைத்த சலுகை! 2024-இல் மீண்டும் எடுத்தார்கள்: பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. ஐந்தாண்டிலே பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்ததே என்று மகிழ்வதற்குள், ஆணின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கக் காண்கிறோம். வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களின் கணக்கு இது. கையே வைக்காதவர் இதில் சேரவில்லை!

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு நிலையம் தள்ளி ஆவடி. அங்கேதான் 1955 சனவரியிலே காங்கிரசு மாநாடு கூடி, சோசலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் செய்தது. மேடையிலே பொதுவுடைமை பேசப்பட்டு எழுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. அடுக்களையிலே துடைப்பம் பொதுவுடைமை ஆயிற்றா? அவர்களை ஏசுவானேன்! சமத்துவம் பேசி மணந்துகொண்ட எங்கள் வீட்டிலேயே ஆகவில்லையே!

அன்று முதல் முறை வைத்தோம். காலைச் சமையல் கணவனுக்கு, இரவுச் சமையல் மனைவிக்கு. துவைப்பவர் பாத்திரம் தேய்ப்பதில்லை, தேய்ப்பவர் துவைப்பதில்லை. மழை விடாததால் ஊர் திரும்ப முடியாமல் தங்கிவிட்ட மாமா, இதையெல்லாம் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை அரிசி களைவதைப் பார்த்தபோது அவர் முகம் போன போக்கு இருக்கிறதே! தாம் குற்றம் செய்ததைப்போல எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

ஞாயிறன்று மழை சற்றே ஓய்ந்தது. ஏரி பார்க்க வேண்டும் என்றார் மாமா. உழவரல்லவா! செம்பரம்பாக்கத்துக்கு அழைத்துச் சென்றோம். முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்று சொன்னோம். 2015 டிசம்பர் முதல் நாளன்று, நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டு, அடையாற்றங்கரை ஊர்கள் மூழ்கிய கதையையும் சொன்னோம். “மழை வருமுன்னே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டால் ஊருக்குச் சேதமில்லை. தேக்கி வைத்து ஒரே நாளில் திறந்தால் என்ன ஆகும்?” என்றார், நீரைப் பார்த்தபடியே. பிறகு, தேக்கி வைத்திருந்ததை அவரும் திறந்தார்.

மோதிரம் வாங்கப் பணம் இல்லை. மனைவியின் சங்கிலியை அடகு வைத்திருக்கிறார். தங்கத்தை அடகு வைத்துத் தங்கம் வாங்கியிருக்கிறார், தோழர்களே! வீட்டிலிருந்த சங்கிலிக்கு வட்டி கட்ட வேண்டும், மாப்பிள்ளை விரலிலே மோதிரம் மின்ன வேண்டும். நாங்கள் கேட்டோமா? இல்லை. கேட்டு வாங்கினால் வரதட்சிணை. 1961-ஆம் ஆண்டிலிருந்து அதற்குத் தடைச்சட்டம் உண்டு. கேளாமலே கொடுக்க வைக்கிறதே வழக்கம் என்னும் வட்டிக்கடைக்காரன், அவனை எந்தச் சட்டம் பிடிக்கும்?

“ஏன் அப்பா இப்படிச் செய்தீர்கள்?”

“மகளை வெறுங்கையோடு அனுப்பிவிட்டான் என்று ஊர் பேசாதா? உன் தங்கைக்கு நாளை வரன் பார்க்க வேண்டாமா?”

அதுதான் உண்மை. அவர் மூடர் அல்லர், பேராசைக்காரரும் அல்லர். இளைய மகளின் வாழ்வை எண்ணி அஞ்சிய தந்தை. அந்த அச்சத்தைத்தான் நாங்கள் ‘கொள்கைக்கு ஒவ்வாது’ என்ற ஒரு வரியால் அடித்துவிட்டோம். கொள்கை சரிதான், சொன்ன முறையில் பரிவு இல்லை.

மனைவி சொன்னார்: “அப்பா, 1929-இலேயே செங்கற்பட்டு மாநாட்டில், பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றார்கள். அறுபது ஆண்டு கழித்து, 1989-இல் தமிழ்நாட்டிலே கலைஞர் ஆட்சியில் அது சட்டமாயிற்று. 2005-இல் இந்தியா முழுமைக்கும் வந்தது. மூதாதையர் நிலத்திலே மகனைப்போல மகளுக்கும் பங்கு.”

மாமா திடுக்கிட்டார். “பங்கு கேட்கிறாயா, அம்மா?”

கரையிலே காற்று மட்டும் ஒலித்தது. நிலத்தைப் பிரிப்பது உழவன் உடலைப் பிரிப்பது போல. அது எங்களுக்குத் தெரியாதா?

“கேட்கவில்லை அப்பா. உண்டு என்று நீங்கள் ஒப்புக்கொண்டால் போதும். அவருக்கு மோதிரம் போட்டு என் கணக்கை முடித்துவிடாதீர்கள். சீர் மாப்பிள்ளைக்குப் போகிறது; உரிமை எனக்கு உரியது. சீரைக் காட்டி உரிமையை மறக்கச் செய்வதுதான் இந்த வழக்கத்தின் வேலை. தங்கைக்கும் இதையே சொல்லுங்கள். மோதிரம் கேட்பவன் வேண்டாம். அவளுக்குச் சமமாக நிற்பவன் வரட்டும்.”

அவர் விடை சொல்லவில்லை. திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. கோபமோ, வருத்தமோ, சிந்தனையோ, எங்களுக்கு விளங்கவில்லை. அன்றிரவு உணவு முடிந்தது. பாத்திரம் தேய்க்கும் முறை கணவனுடையது. தட்டை எடுக்கக் கை நீட்டினான். மாமா தட்டை விடவில்லை. எழுந்தார், குழாயடிக்குப் போனார், தம் தட்டைத் தாமே கழுவினார். அறுபத்து மூன்று ஆண்டு வாழ்விலே முதல் முறை என்று பிறகு அவரே சொன்னார்.

மறுநாள் காலை புறப்பட்டார். வேட்டியையும் சேலையையும் நாங்கள் வைத்துக்கொண்டோம். அன்பை மறுப்பது எங்கள் கொள்கை அல்லவே! மோதிரம் அவரோடு திரும்பிற்று. கடையிலே திருப்பிக் கொடுத்துச் சங்கிலியை மீட்டார். செய்கூலியும் சேதாரமும் போனவை போனவைதாம். அந்த இழப்பையும் வட்டியையும் நாங்கள் தருவதாகச் சொன்னோம், ஒப்பவில்லை. ஊரிலே சிலர் பேசினார்கள் என்பதும் உண்மை. இன்றும் பேசுகிறார்கள். பங்கு பற்றி அவர் இன்னும் வாய் திறக்கவில்லை. எல்லாம் நான்கு நாளில் மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டோம்.

ஆனால் பத்து நாள் கழித்து மாமியார் தொலைபேசியில் அழைத்தார். “என்ன மந்திரம் போட்டீர்கள் உங்கள் மாமாவுக்கு? தட்டைத் தாமே கழுவுகிறார்! நேற்று எனக்கும் சேர்த்துக் கழுவினார். பொங்கலுக்குக் கட்டாயம் வந்துவிடுங்கள்.” மந்திரத்தில் எங்களுக்கு நம்பிக்கையில்லை என்றோம், பொங்கலுக்கு வருகிறோம் என்றோம்.

மணம் முடித்த தோழர்களே, முடிக்கப்போகும் தோழர்களே! தாலியை, சடங்கை, சீரை மறுப்பது ஒரு நாள் வேலை. ஊர் பார்க்கும், ஏடு எழுதும், நண்பர் பாராட்டுவர். மறுநாள் விடியும், அடுப்பு காத்திருக்கும், அங்கே ஊர் இல்லை, ஏடு இல்லை, பாராட்டும் இல்லை. மேடையிலே நாம் சொன்னது மெய்யா பொய்யா என்று அந்த அடுப்படி கேட்கும். உங்கள் வீட்டிலும் ஒரு தாள் எடுங்கள். ஒரு வாரம் நிமிடங்களை எண்ணுங்கள். எங்கள் கணக்கு இப்போது 140-க்கு 125. இன்னும் சமமாகவில்லை, ஆக்குவோம்.

வெளியே மீண்டும் மழை தொடங்கிவிட்டது. கொடியிலிருக்கும் துணியை எடுக்க வேண்டும். இன்று முறை கணவனுடையது.