பலகைச் சுவருக்கும் காது உண்டு

போடியிலிருந்து தேவாரம் போகிற சாலையில் இருக்கிறது சிலமலை. விடிவதற்கு முன்பே ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலைக்குக் கிளம்பிவிடும். ஆனால் என் அத்தை வீட்டு மச்சில் படுத்தால், அந்தச் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருக்கும். பழைய காலத்து வீடு. கனமான உத்தரம், அதன்மேல் நெருக்கமாகக் கட்டைகள், அதற்கும் மேலே செங்கலும் சுண்ணாம்புக் காரையும். சுவரோ ஒரு முழத்துக்கும் அதிக அகலம்.

சென்ற மாதம் அப்பா, அம்மாவுடன் அங்கே போயிருந்தோம். மறுநாள் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறினோம். நாங்கள் தங்கியது மரச்சட்டத்தில் பலகை அறைந்து கட்டிய வீடு. பார்க்க அத்தனை அழகு! இரவானதும்தான் விஷயம் தெரிந்தது. மாடியில் யாராவது நடந்தால் எங்கள் தலைமேல் நடப்பதுபோல் இருந்தது. பக்கத்து அறையில் அம்மா மெதுவாகப் பேசியதும் தெளிவாகக் கேட்டது.

"ஏங்க, மூட்டு ஆபரேஷன் பத்தி தம்பிகிட்ட சொல்லிராதீங்க. வீட்டு லோனே அவனுக்குக் கழுத்தை நெரிக்குது."

அப்புறம் எனக்கு ஏது தூக்கம்?

காலையில் வராந்தாவில் வேலை செய்துகொண்டிருந்த தச்சரிடம் பேச்சுக் கொடுத்தேன். "சத்தமும் தண்ணி மாதிரிதாண்ணே. இடுக்கு இருந்தா வந்துரும்" என்றார். பலகை எடை குறைவு என்பதால் எளிதில் அதிரும். ஒரே சட்டத்தின் இரண்டு பக்கமும் பலகை அடித்தால், இந்தப் பக்கத்து அதிர்வு சட்டம் வழியாக அந்தப் பக்கம் போய்விடும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிச் சட்டம் போட்டு, நடுவில் கல்நார்ப் பஞ்சு இல்லாமல் பாறைக் கம்பளி போன்றவற்றை நிரப்பி, இடுக்குகளை அடைத்தால் பேச்சுச் சத்தம் நன்றாகக் குறையும். காலடிச் சத்தத்துக்கு மாடித் தரையில் தடிமனான விரிப்பு வேண்டும். அத்தை வீட்டு மச்சில் இந்த வேலையைச் செங்கலும் காரையும் தங்கள் எடையாலேயே செய்துவிடுகின்றன.

அன்று மாலையே சிலமலைக்கு இறங்கிவிட்டோம். அம்மா மச்சுப்படியை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து ஏறினார். எத்தனை நாளாக இப்படி ஏறுகிறாரோ, நான் கவனித்ததே இல்லை.

கதவைச் சாத்திவிட்டு, "டாக்டர் எப்பம்மா வரச் சொன்னாரு?" என்றேன்.

அம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு இருவரும் வெகுநேரம் பேசினோம். கீழே இருந்த அத்தைக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.