தூரத்தே தெரியும் மலை

எல்கடுவத் தேயிலை மலையின் எழிலைப் பிறர் புகழுங்கால் எனக்குச் சினமே மூளும். மூடுபனி எமக்கு லயத்துக் குளிர். பசுமையோ அம்மா கிள்ளித் தீர்க்கவேண்டிய கொழுந்து.

நூலகத்தில் ஒருநாள், குளோட் மொனே 1872 இல் லெ ஹாவ்ர் துறைமுகத்தைத் தீட்டிய ‘மனப்பதிவு: சூரியோதயம்’ என்னும் ஓவியத்தின் அச்சுப் பிரதியைக் கண்டேன். 1874 இல் பரிஸில் காட்சிக்கு வந்தபோது அதனை எள்ளிய சொல்லே மனப்பதிவுவாதம் என்ற இயக்கத்தின் பெயராயிற்று. அதிற் படகிலிருப்போர் சில கரிய தீற்றல்களே. உழைப்பவனுக்கு ஓவியத்திலும் முகமில்லையா என்று நூலை மூடினேன்.

43 குழுவின் நிறுவுநருள் ஒருவரான நம் நாட்டு ஓவியர் ஐவன் பீரிஸ் (1921–1988) இங்கிலாந்தில் நெடுங்காலம் வாழ்ந்தும், தாம் வளர்ந்த தெஹிவளைக் கடற்கரையையே நினைவிலிருந்து மீண்டும் மீண்டும் தீட்டினார். பிரிந்தவனுக்கே ஊர் காட்சியாகின்றது போலும்.

சென்ற விடுமுறையில் ஊர் திரும்பியபோது, பாதையில் நின்று எதிர்மலையை நோக்கினேன். பனிக்கிடையே கொழுந்து பறிப்போர் வண்ணப் புள்ளிகளாய் அசைந்தனர். அவர்களுள் அம்மா யாரென எனக்குத் தெரியவில்லை. முகத்தை அழித்தது தூரிகையன்று, தூரமே. அத்தூரத்தில் இப்போது நானும் நின்றிருந்தேன்.

கொழுந்துச் செடிகளினூடே ஏறிச் சென்றேன். ஒரு புள்ளி நிமிர்ந்து, “எப்ப வந்த? சாப்பிட்டியா?” என்றது.