அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்

பத்தொன்பது வயதுக் கால்பந்து வீரன் ஒருவனிடம் ஐந்து லட்சம் ரூபாய் நஷ்டஈடும், மூன்று வருடச் சம்பளத்தில் பத்து சதவீதமும் கேட்டு வந்த வக்கீல் நோட்டீஸ் அது. அனுப்பியது அவனுடைய ஏஜென்ட். வருடம் 2019. பையனின் அம்மாதான் நோட்டீஸை வக்கீலான என்னிடம் கொண்டுவந்தார். வியாசர்பாடியில் இட்லிக் கடை நடத்துபவர். நான் படித்துச் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது. பையன் மட்டும், "அண்ணன் கோவத்துல அனுப்பியிருப்பாரு சார், பேசினா சரியாயிடும்" என்றான்.

அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம்.

வியாசர்பாடிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து என்றால் என்ன என்று வடசென்னை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தனபால் கணேஷ், நந்தகுமார் என்று ஐஎஸ்எல் வரை போனவர்கள் வளர்ந்த இடம். நாமும் போகலாம் என்ற நம்பிக்கை பத்து வயதிலேயே பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. ஆனால் போகும் வழி யாருக்குத் தெரியும்? அப்பாவுக்கு ஆட்டோ தெரியும், அம்மாவுக்குக் கடை தெரியும், கோச்சுக்கு மைதானம் தெரியும். கிளப் மேனேஜரின் போன் நம்பர் ஏஜென்டிடம்தான் இருக்கிறது.

இந்த ஏஜென்ட் பையனைப் பிடித்தது அவனுக்குப் பதினேழு வயதில், ஒரு டோர்னமென்ட்டில். நல்ல பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். அப்பா ஆட்டோ விபத்தில் கால் உடைந்து படுத்தபோது ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பதினைந்தாயிரம் கொடுத்தார். பிறகு இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஆங்கிலத்தில் ஓர் ஒப்பந்தம்: ஐந்து வருடத்துக்கு அவர் மட்டுமே ஏஜென்ட்; நடுவில் விலகினால் ஐந்து லட்சம்; காலம் முடிந்த பிறகும் வேறு ஏஜென்ட் கேட்டால் முதலில் இவரிடம்தான் சொல்ல வேண்டும். அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

இந்தத் தாளைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. பதினெட்டு நிறையாதவன் போடும் ஒப்பந்தம் நம் நாட்டில் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. மொஹோரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் 1903இலேயே சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் வெய்ன் ரூனி பதினைந்து வயதில் ஓர் ஏஜென்சியோடு போட்ட ஒப்பந்தமும் அவரைக் கட்டுப்படுத்தாது என்றுதான் 2006இல் தீர்ப்பானது. காலம் முடிந்த பிறகும் முதலில் இவரிடம்தான் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனைக்கு ஜாகீர் கான் வழக்கு இருக்கிறது. அவருடைய விளம்பர ஒப்பந்தத்தில் இருந்த இதே மாதிரியான ஷரத்தை, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவைக் காட்டி உச்ச நீதிமன்றம் 2006இல் ஒதுக்கித் தள்ளியது.

ஏஜென்ட்டுக்கும் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பையனுக்குப் பதினெட்டு முடிந்த அடுத்த வாரமே புது ஒப்பந்தம் எழுதி வாங்கிவிட்டார். எழுதி வாங்கிய இடம் வெளி மாநிலத்தில் ஒரு கிளப்பின் அலுவலகம். அதே மேஜையில், அதே மத்தியானம், அந்தக் கிளப்போடு மூன்று வருட ஒப்பந்தத்திலும் பையன் கையெழுத்துப் போட்டான். மாதம் நாற்பதாயிரம். அவன் ஆடும் இடது ஓரத்துக்கு அங்கே ஏற்கெனவே நான்கு பேர் இருந்தார்கள். முதல் சீசனில் ஓர் அதிகாரபூர்வ ஆட்டத்தில்கூட அவன் இறங்கவில்லை.

"உனக்கு அந்தக் கிளப்தான் வேணும்னு தோணுச்சா தம்பி?" என்று கேட்டேன்.

"தோணறதுக்கு என்ன சார் இருக்கு? அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு போட்டேன்."

விஷயம் உடைந்தது விடுமுறையில். பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் லீக் ஆட்டம் பார்க்கப் போனவனிடம் உள்ளூர்க் கிளப் ஒன்றின் கோச், "ஏன்டா எங்களை வேணாம்னுட்ட? ரெண்டு தடவை லெட்டர் போட்டோமே" என்று கேட்டிருக்கிறார். அப்படி ஒரு அழைப்பு வந்ததே பையனுக்குத் தெரியாது. அன்றிலிருந்து கமிஷனை நிறுத்தினான். அதற்குத்தான் அந்த நோட்டீஸ்.

அந்த உள்ளூர்க் கிளப்பின் மேனேஜர் உதவினார். ஏஜென்ட்டுக்கு அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களையும் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழோடு அச்செடுத்துக் கொடுத்தார். ஒரு வருட ஒப்பந்தம், மாதம் இருபத்தைந்தாயிரம், சீசன் முழுக்க ஆட்டத்தில் இறக்குவோம் என்று கோச்சின் உறுதி. முதல் மின்னஞ்சல் வந்தபோது பையனுக்குப் பதினெட்டு ஆக இரண்டு மாதம் இருந்தது.

ஏஜென்ட் ஏன் காத்திருந்தார் என்பது அந்தத் தேதியைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. 2015 ஏப்ரலில் ஃபிஃபா ஏஜென்ட்டுகளுக்கான உரிமத்தையும் தேர்வையும் கைவிட்டு, 'இடைத்தரகர்' என்று பதிவு செய்துகொண்டால் போதும் என்று விதியைத் தளர்த்தியது. அந்தத் தளர்ந்த விதியிலும் ஒரு கட்டு மிச்சம் இருந்தது: வீரன் மைனராக இருந்தால் இடைத்தரகருக்கு யாரும் பணம் கொடுக்கக் கூடாது. பதினேழு வயதில் பையன் சென்னைக் கிளப்பில் சேர்ந்திருந்தால் இவருக்கு முறைப்படி ஒரு ரூபாய் கிடைத்திருக்காது. மைனரைக் காப்பாற்ற வைத்த விதியே அவனுக்கு வந்த கடிதத்தைப் பூட்டி வைக்கக் காரணமானது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போதே, ஒப்பந்தச் சட்டத்தின் 213ஆம் பிரிவின்படி கணக்கு ஒப்படைக்கச் சொன்னேன். அவர் கணக்குக் கொடுக்காமல் சிட்டி சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டார். நாங்கள் எதிருரையோடு எதிர்க்கோரிக்கையும் தாக்கல் செய்தோம். அவருடைய வங்கிக் கணக்கு விவரத்தைக் கொண்டுவர உத்தரவு கேட்டு மனுப் போட்டோம். உத்தரவு கிடைத்தது. பையன் கையெழுத்துப் போட்ட நான்காம் நாள் அந்த வெளிமாநிலக் கிளப்பிலிருந்து இரண்டு லட்சம் வரவு. விவரம்: ஸ்கவுட்டிங் கட்டணம். பையனிடம் பத்து சதவீதம், கிளப்பிடம் இரண்டு லட்சம். முதலாவது மட்டும்தான் பையனுக்குத் தெரியும்.

எதிர்த்தரப்பு வக்கீல் திறமையானவர். பதினேழு வயது ஒப்பந்தம் செல்லாது என்றால், அப்போது வந்த கடிதத்தைக் காட்டும் கடமையும் தன் கட்சிக்காரருக்கு இல்லை என்றார். நல்ல வாதம். இரண்டாவது மின்னஞ்சல் பையனுக்குப் பதினெட்டு முடிந்த மறுநாள் வந்திருக்காவிட்டால் நான் திணறியிருப்பேன். இன்னொன்றும் சொன்னார்: இருபத்தைந்தை விட நாற்பது அதிகம்தானே, பையனுக்கு நல்லதுதானே செய்திருக்கிறார்?

குறுக்கு விசாரணையில் ஏஜென்ட்டிடம் நான் கேட்டது இவ்வளவுதான்.

"இந்த மின்னஞ்சல் உங்களுக்கு வந்ததா?"

"வந்தது."

"பிரதிவாதியிடம் காட்டினீர்களா?"

"காட்ட வேண்டிய அவசியம் இல்லை. அவனுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும்."

"இரண்டு லட்சம் வாங்கியதைச் சொன்னீர்களா?"

"அது எனக்கும் கிளப்புக்கும் உள்ள விஷயம்."

அவர் பொய் சொல்லவில்லை. மனதார நம்பியதைத்தான் சொன்னார். கோர்ட் ஹாலில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பையன் அந்தப் பதிலுக்குத்தான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

வாதத்துக்கு நான் நம்பியிருந்தது கெல்வின் ஜாக் வழக்கு. டிரினிடாட் கோல்கீப்பர், ஸ்காட்லாந்தின் டண்டீ யுனைடெட்டில் சேர்ந்தவர். சம்பளத்தில் பத்து சதவீதம் அவருடைய ஏஜென்சிக்கு. வேலை அனுமதி வாங்கித் தர கிளப்பிடமிருந்து மூவாயிரம் பவுண்டை அந்த ஏஜென்சி தனியாக வாங்கியது ஜாக்குக்குத் தெரியாது. தெரிந்ததும் கமிஷனை நிறுத்தினார். ஏஜென்சி வழக்குப் போட்டது. 2009இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், நிறுத்திய கமிஷன் கிடையாது, வாங்கிய கமிஷனைத் திருப்பிக் கொடு, அந்த மூவாயிரமும் ஜாக்குக்குத்தான் என்று தீர்ப்பளித்தது. நம் ஒப்பந்தச் சட்டத்திலும் வழி உண்டு: நடத்தை தவறிய ஏஜென்ட்டுக்கு அந்தக் காரியத்துக்கான ஊதியம் இல்லை என்கிறது 220ஆம் பிரிவு.

வாதம் வரை போகவே இல்லை. குறுக்கு விசாரணை முடிந்த சில வாரங்களில் சமரசத்துக்கு வந்தார்கள். ஏஜென்ட் தன் கோரிக்கைகளை முழுக்கக் கைவிட்டு, ஒரு லட்சம் கொடுக்க ஒப்புக்கொண்டார். அதில் பதினைந்தாயிரத்தைக் கழித்துக்கொள்ளச் சொன்னவன் பையன். "அப்பாவுக்குக் கொடுத்தது சார், அதை வெச்சுக்க முடியாது." நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அம்மாவும் மகன் பக்கம் சேர்ந்துகொண்டார். சமரச மனுவில் எண்பத்தைந்தாயிரம் என்றுதான் இருக்கிறது.

கிளப் ஒப்பந்தம்தான் அதைவிடக் கடினமாக இருந்தது. சீசனில் பத்து சதவீத ஆட்டங்கள்கூடக் கிடைக்காத வீரர் விலகிக்கொள்ள ஃபிஃபா விதியில் இடம் உண்டு. ஆனால் அது நிலைபெற்ற தொழில்முறை வீரர்களுக்கு. இன்னும் ஆடவே ஆரம்பிக்காத பையனுக்கு அந்தக் கதவு திறக்காது. இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து, பரஸ்பர சம்மதத்தோடு விடுவித்துக் கொண்டுவந்தோம். அதற்குள் இருபது வயதாகிவிட்டது. ஓர் ஓர ஆட்டக்காரனுக்குப் பதினெட்டிலிருந்து இருபது வரை என்பது என்ன என்று எந்தக் கோச்சைக் கேட்டாலும் சொல்வார். எந்தத் தீர்ப்பும் அதைத் திருப்பித் தர முடியாது.

2023இல் ஃபிஃபா மறுபடி உரிமத்தையும் தேர்வையும் கொண்டுவந்தது. ஏஜென்ட் ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு மேல் கூடாது. வீரருக்கும் அவரை எடுக்கும் கிளப்புக்கும் ஒருவரே ஏஜென்ட் என்றால் இருவரின் எழுத்துபூர்வ சம்மதமும் முன்கூட்டியே வேண்டும் என்றது. மைனரை அணுகப் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். எல்லாம் நல்லவை. ஏஜென்ட் கட்டணத்துக்கு வைத்த உச்சவரம்பைத்தான் ஐரோப்பிய நீதிமன்றங்களில் முக்கியமாக எதிர்த்தார்கள்; ஜெர்மானிய நீதிமன்ற உத்தரவு ஒன்றுக்குப் பிறகு அந்த வருடக் கடைசியில் ஃபிஃபாவே அதையும், இருதரப்புக்கும் ஒருவரே ஏஜென்ட்டாக இருப்பது பற்றிய விதியையும் நிறுத்தி வைத்தது. அவ்வளவு சண்டை சதவீதத்துக்கு நடந்தது. என் வழக்கில் சதவீதம் ஒரு பொருட்டே இல்லை. வந்த கடிதத்தைப் பையன் பார்த்தானா என்பதுதான் எல்லாம்.

ஏஜென்ட்டே வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. இருபது பக்க ஆங்கில ஒப்பந்தத்தோடு எதிரே உட்காரும் கிளப்பிடம், பத்தாவது படித்த பையனைத் தனியே அனுப்புவது இன்னும் பெரிய அநியாயம்.

அவனுக்கும் இப்போது வேறு ஏஜென்ட் இருக்கிறார், உரிமம் பெற்றவர். ஒப்பந்தத்தை எழுதும்போது பையன் ஒரு ஷரத்தைத் தானே கேட்டுச் சேர்க்கச் சொன்னான்: எந்தக் கிளப்பிலிருந்து என்ன விசாரிப்பு வந்தாலும் இரண்டு நாளுக்குள் அவனுக்கும் அம்மாவுக்கும் வாட்ஸ்அப்பில், தமிழ்ச் சுருக்கத்தோடு அனுப்ப வேண்டும். புது ஏஜென்ட் தயங்கினார். வரும் விசாரிப்பில் பாதி வெறும் பேச்சு, எல்லாவற்றையும் அனுப்பினால் ஆட்டத்தில் கவனம் போய்விடும் என்றார்.

"குழப்பம் வந்தா உங்களையே கேட்கறேன் சார். அனுப்புங்க" என்றான். ஷரத்து அப்படியே சேர்ந்தது.