நிமிடத்துக்கு இரண்டு எழுத்து

அக்கா,

மூளையில் சிப் வைத்தால் மாமா மறுபடி பேசுவாரா என்று கேட்டிருந்தாய். டிவியில் காட்டியது பொய்யில்லை. ஆனால் அதற்கு முன்னால் இந்த உட்ரெக்ட் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். நமக்கு உதவுகிற கதை அதுதான்.

2015 அக்டோபரில் இங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனையில் 58 வயதுப் பெண் ஒருவருக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். மாமாவுக்கு வந்திருக்கிற அதே ஏ.எல்.எஸ். கை, கால், பேச்சு எல்லாம் போய், மூச்சும் இயந்திரத்தில்தான். பேராசிரியர் நிக் ராம்ஸியின் குழு, வலது கையை ஆட்டுவிக்கிற மூளைப் பரப்பின்மேல் மெல்லிய மின்முனைப் பட்டைகளை வைத்தது. கம்பியைத் தோலுக்கடியிலேயே இறக்கி, மார்பில் புதைத்த சின்னப் பெட்டியில் இணைத்தது. கை அசையாவிட்டாலும், அசைக்க முயன்றால் மூளையின் அந்த இடம் இன்னும் துடிக்கிறது. அந்தத் துடிப்பை கம்ப்யூட்டர் ஒரு மவுஸ் கிளிக்காக எடுத்துக்கொள்ளும். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும்; வேண்டிய எழுத்து வரும்போது அவர் கையை மூட முயல்வார், எழுத்து விழும். தேர்ச்சி வர 28 வாரம் ஆயிற்று. வேகம், நிமிடத்துக்கு இரண்டு எழுத்து.

இவ்வளவுதானா என்று தோன்றும். அவரிடம் இதைவிட வேகமான கருவி ஏற்கெனவே இருந்தது: கண் போகிற இடத்தை கேமரா பார்த்து எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் கருவி. அது அகச்சிவப்பு ஒளியை நம்பியிருப்பது. வெளிச்சத்துக்குப் போனால் தடுமாறும். தோட்டத்தில் உட்கார்ந்தபடி பேச அவருக்கு மூளைக் கருவிதான் கைகொடுத்தது. மாமா திண்ணையை விட்டு உள்ளே வர மாட்டேன் என்கிறார் என்று எழுதியிருந்தாயே, அப்போது இதைத்தான் நினைத்தேன். மரக்காணம் உப்பளத்தில் சித்திரை வெயிலில் உப்பு வாரி, அம்பாரத்தின் வெள்ளையில் கண்ணை இடுக்கியே வாழ்ந்த மனிதரை இருட்டு ரூமில் திரைக்கு முன்னால் உட்காரச் சொன்னால் கேட்பாரா?

அந்தப் பெண் ஏழு வருஷத்துக்கு மேல் அதை வீட்டிலேயே பயன்படுத்தினார். பிறகு நோய் மூளையையே சுருக்கியதில் சிக்னல் மங்கி, கருவி பயனற்றுப் போனது. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

டிவியில் பார்த்தது அமெரிக்காவில் நடப்பது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு குழு, பேச்சிழந்த ஒருவர் பேச முயலும்போது எழும் மூளைத் துடிப்புகளிலிருந்து நிமிடத்துக்கு 62 சொற்களை எழுத வைத்தது. அடுத்த வருஷம் கலிஃபோர்னியா டேவிஸ் குழு 97 சதவீதம் சரியாக எழுத வைத்தது. நிஜமாகவே பெரிய விஷயம். ஆனால் மண்டையோட்டிலிருந்து இணைப்பு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து கம்பி, கம்ப்யூட்டர்கள், பக்கத்தில் ஆராய்ச்சியாளர்கள். அந்த வேகமும் இங்கிலீஷ் ஒலிகளையும், இங்கிலீஷில் அடுத்த சொல் எது வரும் என்ற கணிப்பையும் நம்பியது. மாமாவின் ‘இட்டுனு வா’வையும் ‘இன்னாடி’யையும் அது எப்படிக் கணிக்கும்? பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யில் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் குழு தமிழைக் கம்ப்யூட்டருக்கு வாசிக்கவும் பேசவும் கற்றுக்கொடுத்தது. தலையைத் திறக்காமல், மனதில் நினைக்கும் சொல்லைத் தலைமேல் வைத்துப் பதியும் இ.இ.ஜி.யிலிருந்து கண்டுபிடிக்கவும் அதே குழு முயன்றது. மண்டையோட்டைத் தாண்டி வருகிற சிக்னல் மிகவும் மங்கல். ஆராய்ச்சி நடக்கட்டும், நாம் காத்திருக்க வேண்டாம்.

உனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். 1988இல் ஃபார்வெல், டாஞ்சின் என்ற இருவர் முதல் மூளைத் தட்டச்சை ஆறுக்கு ஆறு கட்டத்தில் செய்தார்கள். மொத்தம் 36 கட்டம். நம் 247 எழுத்தை அதில் எப்படி அடைப்பது என்று பயப்படாதே. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று: 31தான். மீதி ஐந்தில் இடைவெளி, அழி, ஜ், ஸ், ஹ். ‘தண்ணி’ என்று கேட்க த், அ, ண், ண், இ. ஐந்தே தேர்வு. இதற்குக் கருவியே தேவையில்லை. அட்டையில் பெரிதாக எழுது. விரலால் வரிசை வரிசையாக இறங்கு. வேண்டிய வரிசை வந்ததும் மாமா கண்ணை மேலே தூக்கட்டும். பிறகு அந்த வரிசைக்குள் ஒவ்வொரு எழுத்தாகப் போ. உட்ரெக்ட் கருவி செய்ததும் இந்த வேலைதான். சந்தேகமில்லாத ஒரு ‘ஆமாம்’ கிடைத்தால் போதும். ஏ.எல்.எஸ்.ஸில் கண்ணசைவு பெரும்பாலும் கடைசிவரை நிற்கும். மாமாவின் விரலில் கொஞ்சம் அசைவு இருக்கும்போதே ஆரம்பித்துவிடு, பழகிப்போகும்.

உதவிக்கு, பாண்டி பஸ் ஏறினால் கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை. நரம்பியல் பிரிவில் பேச்சுப் பயிற்சியாளரைக் கேள். சென்னை போனால் கோட்டூர்புரம் வித்யா சாகர். 1985இலிருந்து பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளோடு வேலை செய்கிறவர்கள். அவர்களோடு சேர்ந்துதான் அஜித் நாராயணன் ‘ஆவாஸ்’ என்ற பேசும் கருவியை உருவாக்கினார். தலையை லேசாக அசைத்தே ஒரு சுவிட்சால் அந்தக் கருவியை இயக்க முடிந்தது.

ஒன்றே ஒன்று: அவர் பாதி எழுத்தில் இருக்கும்போது நீயே வாக்கியத்தை முடித்துவிடாதே. உன் குணம் எனக்குத் தெரியும். மாமா முதலில் என்ன எழுதினார் என்று சொல்லு. உன்னைத் திட்டியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுது.

உன் தம்பி